பர்வதமலையில் கடைசி ஆள்

பெருங்களத்தூரிலிருந்து மலைக்குப் போகும் எங்கள் பஸ்ஸில் நான் பார்த்த வேலைக்கு யாரும் சரியான பெயர் வைக்கவில்லை. முன்னால் நடப்பவருக்கு ‘லீடர்’ என்று பெயர். சமைப்பவர் மாஸ்டர், வண்டி ஓட்டுபவர் டிரைவர். என்னை ‘கடைசி அக்கா’ என்றார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோருக்கும் பின்னால் நடப்பதுதான் என் வேலை. முட்டி தேய்ந்துவிட்டது, இனி படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லும் வரை பல வருடங்கள் அதைச் செய்தேன்.

இப்போது என் இடத்தில் இரண்டு பெண்கள் நடக்கிறார்கள். வருகிறவர்கள் கையில் ஒரு பட்டை கட்டி, அதைப் போனில் காட்டி ஆள் சரிபார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. “அக்கா, அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, குரூப்ல போடுறோம்” என்று கேட்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். கடிதம் தவிர வேறு எழுதியதில்லை. தெரிந்தவரை எழுதுகிறேன்.

எனக்கு வீடு பீர்க்கன்கரணையில், ஏரிப் பக்கம். ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சித்ரா பௌர்ணமிக்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு முதல் தடவையாகப் பர்வதமலை போனேன். எனக்குக் கூச்சம் அதிகம். என் பின்னால் யாராவது நடந்தால் கால் பின்னும். அதனால் எல்லோரையும் முன்னே விட்டுவிட்டுக் கடைசியில் ஏறினேன். வழியில் உட்கார்ந்துவிட்ட இரண்டு பேருக்குத் துணையாகவும் நின்றேன். இறங்கி வந்ததும் பஸ் நடத்துகிற தணிகாசலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, காலையிலேர்ந்து பாக்குறேன், பின்னாடியே வந்துகினு கீற. கால் வலியா?”

“இல்லண்ணா. எனக்கு அதான் வசதி.”

“அடுத்த மாசமும் வரியா? இதே மாரி நடந்தா போதும்.”

எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

மலையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்தவாசி, சேத்துப்பட்டு, போளூர் என்று போனால், தூரத்திலேயே மொட்டைப் பாறையாக உச்சி தெரியும். ஏறுவதற்கு இரண்டு வழி. ஒன்று தென்மாதிமங்கலத்திலிருந்து, இன்னொன்று கடலாடியிலிருந்து. எங்கள் ஆட்கள் தென்மாதிமங்கலம் வழியில்தான் ஏறுவார்கள். முதலில் காட்டுப் பாதை, பிறகு படிக்கட்டு, படிக்கட்டு முடிந்ததும் உருட்டுக் கற்கள். அதற்கும் மேலே ஓரிடத்தில் கடலாடி வழி வந்து சேர்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் உண்மையான மலை. பாறையில் கடப்பாறைகளை அடித்து வைத்திருப்பார்கள். அதில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். உச்சியில் சாமிக்கு நாமே தண்ணீர் ஊற்றி, நாமே பூ வைக்கலாம். அதற்காகத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள்.

தணிகாசலம் அண்ணன் முன்னால் நடப்பார். ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு விசில். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும், மரியாதை கூடும். “இன்னாடா” என்று பேசினால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். “வாங்க, உக்காருங்க” என்று ஆரம்பித்தால் டிரைவர் முதற்கொண்டு எல்லோரும் நகர்ந்து நிற்போம்.

எனக்கு அவர் சொன்ன விதிகள் சில. யாரையும் முந்தக் கூடாது. ஆனால் முதுகை ஒட்டியும் நிற்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஆள் மூச்சு கேட்டால் முடியாதவர்கள் அவசரப்பட்டு விழுவார்கள். அவர்கள் நின்றால் நாமும் நிற்க வேண்டும், ஆனால் அவர்களுக்காக நிற்கிற மாதிரி தெரியக் கூடாது. புடவை முந்தானையைச் சரிசெய், மரத்தைப் பார், முள் எடுக்கிற மாதிரி குனி என்பார். கடப்பாறைப் பாறையில் மேலிருந்து கை கொடுத்து இழுக்கக் கூடாது. கீழிருந்து குதிகாலைப் பிடித்து, கம்பியின் மேல் வைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தூரத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. மலையில் இறங்கி வருகிறவர்கள் அத்தனை பேரும் ஏறுகிறவர்களிடம் “இதோ வந்துடுச்சு” என்பார்கள். அண்ணனுக்கு அது பிடிக்காது. “ஒரு தடவ பொய் சொல்ட்டன்னு வை, அப்பறம் தண்ணி குடின்னு சொன்னாகூட நம்ப மாட்டாங்க” என்பார்.

இன்னொரு ஏற்பாடு செருப்பு. அடிவாரத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவதுதான் எங்கள் வழக்கம். ஒரு டீக்கடை ஓரமாகத் தார்ப்பாய் விரித்து, பஸ்ஸில் உட்கார்ந்த வரிசைப்படியே செருப்புகளை வைப்பேன். அடிப்பாகம் மேலே தெரியும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்து, திரும்பி வந்து போடும்போது பாதம் சுடும். இறங்கி வருகிறவர்கள் அவரவர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். நான் கடைசியில் வந்து பார்க்கும்போது தார்ப்பாயில் என் செருப்பு மட்டும் இருந்தால் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வேறு ஜோடி இருந்தால் ஆள் மேலே இருக்கிறார். எங்களுக்கு அதுதான் ஆள் கணக்கு. அது ஒருபோதும் தப்பியதில்லை.

கமலம்மா வந்த அந்தத் தடவை வரைக்கும்.

கமலம்மா அனகாபுத்தூர்க்காரர். தறிக்காரக் குடும்பம். அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மகன் சேகர், மருமகள் விமலாவோடு வந்திருந்தார். நல்ல வாய். பஸ் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் எல்லோரையும் உறவாக்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, “நீ இன்னாடி, வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?” என்றார். பின் சீட்டுப் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், “அக்கா ஸ்கூல்லயும் கடைசி பெஞ்சு போல” என்றான். “பத்தாவது வரைக்கும் அதேதான் தம்பி” என்றேன். அன்று முழுவதும் நான் பஸ்ஸில் பேசியது அவ்வளவுதான்.

விடிந்த பிறகு ஏற ஆரம்பித்தோம். ஒவ்வொரு நிழலிலும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். கமலம்மா ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றார். “எனக்குத் தாகமே எடுக்காதும்மா. தறியில உக்காந்த ஒடம்பு.” உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே ஏறினார். கடப்பாறைப் பாறையில் அவர் குதிகாலை நான்தான் பிடித்துவிட்டேன். “சாமியே என் கால்ல வுழுந்தாப்ல கீது” என்று மேலிருந்து கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

உச்சியில் தன் கையாலேயே சாமிக்குத் தண்ணீர் ஊற்றினார். புளிசாதம் சாப்பிட்ட பிறகு தாகம் தாங்கவில்லை போலிருக்கிறது. பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

இறங்கும்போது சேகர் பையன்களோடு முதலில் ஓடிவிட்டார். விமலா மற்ற பெண்களோடு நடுவில் போனாள். “அத்தை, நீங்க மெதுவா வாங்க, பின்னாடி அக்கா இருக்காங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்குச் சற்று முன்னால் கமலம்மா. என் பக்கத்தில், குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, அடிக்கொரு தரம் உட்கார்ந்தார். சங்கிலிப் பகுதி முடிந்ததும் கமலம்மா திரும்பிப் பார்த்தார்.

“உம் பின்னாடி வேற யார்னா வராங்களா?”

“யாரும் இல்லம்மா. நானும் சாரும்தான்.”

அவர் முன்னைவிட வேகமாக நடந்து பாறை வளைவில் மறைந்தார். பரவாயில்லை, நன்றாக இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு விசில் அடிப்பது என் வழக்கம். கேட்கிறவர்கள் ‘அரோகரா’ என்று பதில் கொடுப்பார்கள். அன்று பதில் வரவில்லை. வெகுதூரம் போய்விட்டார் போல என்று பெரியவரை மெதுவாக நடத்திக் கீழே கொண்டுவந்து சேர்த்தேன்.

தார்ப்பாயில் அந்தப் பெரியவர் செருப்பும் என் செருப்பும் மட்டும்தான் இருந்தன. தார்ப்பாயை மடித்தேன்.

பஸ் கிளம்பும்போது விமலா கணவரிடம் கேட்டாள்: “அத்தை எங்க?”

“உன்கூடதான வந்தாங்க?”

“நான் வந்தப்பவே அவங்க செருப்பு இல்லியே! உங்ககூட வந்துட்டாங்கன்னு இருந்தேன்.”

சேகரின் முகம் மாறியது. “செருப்ப நான்தான் எடுத்தாந்தேன். நாய் கடிச்சிடப் போதுன்னு அம்மாவுதையும் சேத்து எடுத்தாந்து அவங்க சீட்டுக்குக் கீழ வெச்சேன்.”

எல்லோரும் குனிந்து பார்த்தோம். பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு சீட்டுக்குக் கீழே இருந்தது. மகன் அம்மாவுக்குச் செய்த நல்ல காரியம்தான்.

கமலம்மாவின் போன் சேகரின் பையில் இருந்தது. சூரியன் சாயத் தொடங்கியிருந்தது. இருட்டினால் அந்த உருட்டுக் கல் பாதையில் பழகியவர்களே தடுமாறுவார்கள். வெறுங்காலோடு, வயதான ஒரு பெண் தனியாக மேலே இருக்கிறார்.

ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். முடிவு ஒன்றுதான். அக்காதான் கடைசியில் வந்தார், அவரைத் தாண்டி யாரும் மேலே இருக்க முடியாது. ஆகவே கமலம்மா வழி பிரிகிற இடத்தில் தவறிப்போய்க் கடலாடிப் பக்கம் இறங்கியிருப்பார். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போய்க் கடலாடியில் தேடலாம். டிரைவர் வண்டியை ஸ்டார்ட்டே செய்துவிட்டார்.

தணிகாசலம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க” என்றார்.

‘நீங்க’ என்று அவர் சொன்னதும் பஸ் முழுக்க என்னையே பார்த்தது. நான் நினைத்துக்கொண்டிருந்ததை அத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் வண்டி கடலாடிக்குப் போய்விடும். “அண்ணா, கொஞ்சம் இப்படி வாங்களேன்” என்று பஸ்ஸின் பின்பக்கம் கூட்டிப்போனேன். அங்கேயும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அவங்க வழி தவறல அண்ணா. ஒதுங்கப் போயிருப்பாங்க.”

“எத்த வெச்சி சொல்ற?”

“காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. மேல எடமில்லன்னு பொம்பளைங்க அப்படித்தான் வருவாங்க. சாப்பிட்டதும் தாங்காம முழு பாட்டிலும் குடிச்சாங்க. எறங்கும்போது பின்னாடி யாருன்னு கேட்டாங்க. சாரும் வர்றாருன்னதும் வேகமா போனாங்க.”

“விசிலுக்குப் பதில் குடுத்திருக்கலாமே?” என்றார்.

“நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன் அண்ணா. கூட ஆம்பள இருக்காரில்ல.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வருடமாக முன்னால் நடந்தவர், பின்னால் இப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் கேள்விப்பட்டார் என்று நினைக்கிறேன். நானும் அதுவரை சொன்னதில்லை. இதெல்லாம் சொல்கிற விஷயம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

பஸ்ஸுக்கு வந்து, கடலாடிக்குப் போகச் சொன்னார். ஆண்கள் மலைப் பக்கம் வராமல் இருக்கத்தான் அது, ஒருவேளை அங்கே இறங்கியிருந்தால் ஆள் வேண்டுமே என்பதும் ஒரு காரணம். சேகர், “அது எங்கம்மா சார், நான் மேல போறேன்” என்று கத்தினார். அண்ணன் அவர் தோளில் கை வைத்து, “நீங்க கடலாடிக்குப் போங்க. மேல நாங்க பாத்துக்குறோம்” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் சேகர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

நானும் விமலாவும் முன்னால் ஏறினோம். அண்ணன் எங்களுக்கு வெகுதூரம் பின்னால் வந்தார். படிக்கட்டு முடிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். “இதுக்கு மேல நான் வர்ல. நீங்க கூப்ட்டாதான் வருவேன்” என்றார். மலைக்கு முதுகைக் காட்டி, ஊர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

உருட்டுக் கல் பாதையில் நாங்கள் ஓடவில்லை, ஓடவும் முடியாது. விமலா அழுதுகொண்டே வந்தாள். எதிரே ஐந்தாறு பையன்கள் இறங்கி வந்தார்கள். வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். வழி பிரிகிற இடம் வந்தது. விசில் அடித்தேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் ஏறி மறுபடி அடித்தேன். காற்று மட்டும்தான்.

அப்போதுதான் தோன்றியது. விசில் சத்தத்துக்கு ஆண், பெண் கிடையாது. யார் வருகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் என் வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசியவளில்லை. தெருவில் காய்காரரைக் கூப்பிடக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் அனுப்புவேன். பாறை மேல் ஏறி நின்றுகொண்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

“கமலம்மா! நானும் உங்க மருமகளும் மட்டும்தான் வந்திருக்கோம்! ஆம்பளைங்க யாரும் இல்ல!”

மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. மறுபடியும் கத்தினேன். மூன்றாவது தடவை கத்த மூச்சு இழுக்கும்போது, வலது பக்கத்துப் புதருக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

“இன்னாத்துக்குடி ஊரக் கூட்டுற? இங்கதான் கீறேன்.”

விமலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. நகர்ந்து நகர்ந்து பாறையில் சாய்ந்துகொண்டிருந்தார். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. நான் விசில் அடித்துக்கொண்டு போனது அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

“நீ மட்டும் வந்திருந்தா அப்பவே கூப்ட்ருப்பேம்மா. அந்த மனுசனும் கூட வந்துகினு இருந்தாரே. அப்பறம் வர்றவன் பூரா ஆம்பளையா வரான். பொம்பளக் கொரல் ஒண்ணு கேக்குதான்னு காத்துகினே கீறேன்.”

“செத்துப் போயிருந்தா என்ன அத்தை பண்றது?” என்று விமலா அழுதாள்.

“செத்தா வெக்கம் இல்ல பாரு” என்றார் கமலம்மா. சொல்லிவிட்டு அவரும் அழுதார். அதுவரை அடக்கி வைத்திருந்தார் போல.

முட்டியை நீவிவிட்டு, இரண்டு பக்கமும் தாங்கி எழுப்பினோம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “கீழ போயி எதுவும் சொல்லாத. எம் புள்ளைக்குக்கூட.”

படிக்கட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கமலம்மாவைப் பார்த்தார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டவர் கிடைத்த இடத்தில் கடலாடிக்குப் போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டது என்றார். பஸ் திரும்பி வந்தது. எல்லோரும் சூழ்ந்துகொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே பேசினார்.

“கடலாடி வழி பிரியுற எடத்துல மாறிட்டாங்க. யாரா இருந்தாலும் மாறுவாங்க. அங்க ஒரு அம்பு போடணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேன், என் தப்பு.”

அடுத்த மாதம் உண்மையிலேயே ஒரு சின்ன டப்பா பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்தார். வழி பிரிகிற இடத்தில், யாருமே தவறிப் போகாத அந்தப் பாறையில், குனிந்து நிதானமாக ஒரு வெள்ளை அம்புக்குறி வரைந்தார். “இன்னா மச்சான், ரோடு கான்ட்ராக்ட் எடுத்துட்டியா?” என்று சமையல் மாஸ்டர் கிண்டல் செய்தார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு, ஒரு அம்மா வழி தவறிய இடம் இது என்று இன்றைக்கும் அந்தப் பாறையைக் காட்டுகிறார்கள்.

அண்ணன் இன்னொன்றும் செய்தார். பெண்கள் விஷயத்தில் வழியில் எங்கே, எப்போது நிற்பது என்பதை என்னிடம் விட்டுவிட்டார். “நீ விசில் ரெண்டு தடவ ஊதுனா நான் ஆம்பளைங்கள இட்டுகினு முன்னாடி போயிடுறேன். எதுக்குன்னு எவனும் கேக்க மாட்டான்” என்றார். அப்படித்தான் நடந்தது. புதர் மறைவில் இரண்டு பேர் ஒரு புடவையை விரித்துப் பிடிப்போம். ஒருவர் பின் ஒருவராகப் போய் வருவார்கள். எனக்குப் பின் வந்த பெண்களும் அதை விடாமல் செய்கிறார்கள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அந்த இரட்டை விசில் எதனால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதினேன்.

எழுதுவதற்கு முன் கமலம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். “எழுதும்மா. எண்பது ஆவப் போவுது, இனிமே இன்னா வெக்கம்? எம் புள்ளையும் படிக்கட்டும்” என்றார்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருடம் அவர் மறுபடியும் மலைக்கு வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அடிவாரத்தில் என்னிடம் பாட்டிலைக் கேட்டு வாங்கி, அத்தனை பேர் பார்க்க மடமடவென்று குடித்தார். மீதியை விமலாவிடம் நீட்டி, “குடி” என்றார். அவள் தயங்கினாள். “குடிடி, நான் கீறேன்” என்று அதட்டினார். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வாங்கிக் குடித்தார்கள்.

படிக்கட்டைத் தாண்டியதும் இரண்டு தடவை விசில் ஊதினேன். ஆண்கள் முன்னால் போனார்கள். நான் என் பையிலிருந்து நைலக்ஸ் புடவையை எடுத்து விரித்தேன். கமலம்மா அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, “தறிக்காரி எங்கிட்டயே இத்த காட்டுறியா? ஊரே தெரியுது” என்று சொல்லி என்னிடமே சுருட்டிக் கொடுத்தார். தன் பையிலிருந்து கெட்டி நெசவுப் பருத்திப் புடவை ஒன்றை எடுத்து உதறினார். ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, பாதை இருந்த பக்கம் பார்த்துக் காவல்காரர் மாதிரி நின்றார்.

“ஒவ்வொருத்தியா வாங்கடி. அவசரம் இல்ல.”